ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: ஒன்றையும் தொலைக்காமல் மாறுவது எப்படி

போன மாதம் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா, இங்கே கொழும்புக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்கு ஒரு ஐபோன் கொடுத்து அனுப்பினார். ஐபோன் 15. அம்மா ஐந்து வருடமாக ஒரே சாம்சங் ஃபோனைத்தான் பாவித்து வந்தார். வெள்ளவத்தை வீட்டில் மேசையில் பெட்டியை வைத்துப் பிரித்தோம், அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பிள்ளை, அப்பான்ர குரல் இதுக்குள்ளயும் வருமோ?"

அப்பா காலமாகி மூன்று வருடம். வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் இன்னும் அம்மாவின் ஃபோனில் இருக்கின்றன. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை அவற்றில், "மார்க்கெட்டில நிக்கிறன், வெண்டிக்காய் வாங்கவோ?" என்று கேட்பார், அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு அந்த ஃபோனே அதுதான்.

சித்திக்கு நடந்ததை நினைத்துத்தான் அம்மா அப்படிக் கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன் சித்தி கொழும்பில் ஒரு கடையில் ஐபோன் வாங்கினார். கடையில் நின்ற பையன் உதவி செய்யும் எண்ணத்தில் அங்கேயே புது ஃபோனை செட்டப் செய்து, வட்ஸ்அப்பைப் போட்டு, ஓடிபி கேட்டு உள்ளே போய், பழைய ஃபோனை முழுதாக அழித்து, விலையில் கழித்துக்கொண்டு எடுத்துவிட்டான். இருபது நிமிட வேலை. வீட்டுக்கு வந்து திறந்தால் வட்ஸ்அப் வெறுமையாக இருக்கிறது. கூகுளில் பேக்கப் இருந்தது, ஆனால் ஆண்ட்ராய்ட் வட்ஸ்அப் கூகுள் கணக்கில் எடுத்து வைக்கும் பேக்கப்பை ஐபோனில் திறக்க முடியாது. மகளின் பிரசவ நேரத்துப் படங்கள், பேரனின் முதல் சொற்கள், எல்லாம் அந்தப் பழைய ஃபோனோடு போயின.

சித்தி இழந்தது எதுவும் இழக்க வேண்டியதே இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை மட்டும்தான் பிழையாகிப் போனது. அதனால் அந்த வரிசையை வடிவாக எழுதுகிறேன்.

## ஃபோன் கைக்கு வருவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வருகிற ஃபோன் என்றால் அனுப்புபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது, சிம் போடும் இடம் இருக்கிறதா? அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14ஆம் தொடரிலிருந்து சிம் தட்டே கிடையாது, ஃபோனுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான். ஐபோன் 17 தொடரில் கனடா, ஜப்பான், அமீரகம், கத்தார், சவூதி போன்ற நாடுகளில் விற்பவையும் அப்படித்தான். இது பெரிய பிரச்சினை இல்லை, இங்கும் நிறுவனங்கள் இசிம் கொடுக்கின்றன, அடையாள அட்டையோடு அவர்களின் சேவை நிலையத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோனைச் சுற்றிச் சுற்றித் துளை தேடுகிற நிலை வரக்கூடாது.

இரண்டாவது, அங்குள்ள நிறுவனத்தின் பூட்டு இருக்கிறதா? கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து ஃபோன்களைப் பூட்டில்லாமல்தான் விற்க வேண்டும், அதனால் அதற்குப் பிறகு அங்கே வாங்கியது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. அமெரிக்காவில் மாதக் கட்டணத்தோடு வாங்கியது என்றால் கட்டாயம் பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கீழே 'கரியர் லொக்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் எந்த சிம்மும் வேலை செய்யும். அனுப்புபவரை அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படிப் பார்ப்பதற்காக அவர் ஃபோனைத் திறந்து செட்டப் செய்தால், பிறகு முழுதாக அழித்துத்தான் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே யாரும் பாவித்த ஃபோன் என்றால், தொலைந்த ஃபோனைத் தேடும் 'ஃபைண்ட் மை' என்பதை நிறுத்தி, அவரின் அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகுதான் அழிக்க வேண்டும். அதைச் செய்யாமல் அழித்து அனுப்பினால், இங்கே நீங்கள் திறக்கும்போது அவரின் பாஸ்வேர்ட் கேட்கும். அப்போது கொழும்பில் காலை என்றால் அங்கே இரவு.

மூன்றாவது, ஐஎம்இஐ இலக்கம், அதாவது ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய தனி அடையாள எண். பெட்டியிலும் இருக்கும், ஃபோனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அடித்தாலும் வரும், 15 இலக்கம். 2025 தொடக்கத்திலிருந்து, புதிதாக வலையமைப்பில் சேரும் ஃபோன்கள் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். இங்கே கடையில் வாங்குகிறீர்கள் என்றால் காசு கொடுப்பதற்கு முன் அந்த இடத்திலேயே நின்று இதை அனுப்பிப் பாருங்கள். கடைக்காரர் கோபித்தால் வேறு கடை இருக்கிறது, லிபர்ட்டி பிளாஸாவுக்குள் போனால் எத்தனை ஃபோன் கடை!

இன்னொன்று. ஆண்ட்ராய்டில் முழு மெனுவையும் தமிழில் வைத்துப் பழகிய அம்மா அப்பாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன் ஐபோனின் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தமிழ் விசைப்பலகை இருப்பதும் மெனு முழுவதும் தமிழில் இருப்பதும் ஒன்றல்ல. எழுத்து அளவையும் பெரிதாக்கி, அவர்கள் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

## எந்த நாளில் செய்வது

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையில் ஆறுதலாக இருந்து செய்யலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அன்று வங்கிக் கிளைகள் மூடியிருக்கும். புது ஃபோனில் வங்கிச் செயலியைப் பதிய முடியாமல் மாட்டிக்கொண்டால் நேரில் போய்க் கேட்க ஆள் இருக்காது. அதனால் நான் வியாழன் மாலை தொடங்கினேன். இரவோடு பெரிய வேலை முடிந்தது, வெள்ளி காலை வங்கி, சேவை நிலையம் எல்லாம் திறந்திருந்தன. வார இறுதியில் அம்மாவோடு இருந்து புது ஃபோனைப் பழக்க இரண்டு நாள் கிடைத்தது.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அம்மாவின் ஃபோனில் வட்ஸ்அப் மட்டுமே 18 ஜிபி, படங்களோடு சேர்த்து 50க்கு மேல். தரவு போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் எடுத்தது.

## பழைய ஃபோனில் செய்ய வேண்டியவை

புது ஃபோனை இன்னும் திறக்க வேண்டாம். பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

முதலில் தொடர்பு எண்கள். எங்கள் அம்மா அப்பாமாரின் ஃபோனில் எண்கள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும்: சில சிம்மில், சில ஃபோனில், சில கூகுள் கணக்கில். எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்குக் கொண்டுபோங்கள். சாம்சங் என்றால் தொடர்புகள் செயலிக்குள் 'மேனேஜ் கொன்டாக்ட்ஸ்' என்பதில் 'மூவ் கொன்டாக்ட்ஸ்' இருக்கிறது. முடிந்ததும் கணினியில் அதே கூகுள் கணக்கில் நுழைந்து தொடர்புகள் பக்கத்தைத் திறந்து எண்ணிக்கையைப் பாருங்கள். அம்மாவுக்கு ஃபோனில் 412 இருந்தது, கூகுளில் 260தான் இருந்தது. மிச்சம் 152 பேரும் சிம்மிலும் ஃபோனிலும் இருந்தார்கள், அதில் குடும்ப வைத்தியரும் ஒருவர்.

அடுத்தது படங்கள். கூகுள் போட்டோஸ் பாவிப்பவர் என்றால் அதைத் திறந்து, மேலே முகப்படத்தைத் தட்டி, பேக்கப் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி, அது நிரம்பிய நாளிலிருந்து பேக்கப் சத்தமில்லாமல் நின்றிருக்கும். மேகத்தில், அதாவது இணையக் கணக்கில், மட்டும் இருந்து ஃபோனில் இல்லாத படங்களை, பிறகு சொல்லப்போகும் மாற்றும் செயலி தூக்கிக்கொண்டு வராது. அவற்றுக்கு ஐபோனிலும் கூகுள் போட்டோஸைப் போட்டு அதே கணக்கில் நுழைந்தால் போதும்.

இப்போது குரல். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பின் முழு அரட்டையும் ஐபோனுக்கு வரும், வழி இருக்கிறது. இருந்தாலும் திரும்பக் கிடைக்காத ஒன்றை ஒரே வழியை நம்பி அனுப்பக்கூடாது. ஆண்ட்ராய்டில் குரல் செய்திகள் சாதாரண கோப்புகளாகவே இருக்கின்றன. ஃபோனைக் கேபிளால் கணினியில் இணைத்து, ஃபோனின் சேமிப்பகத்தில் 'ஆண்ட்ராய்ட்' என்ற கோப்புறைக்குள் 'மீடியா', அதற்குள் வட்ஸ்அப்பின் பெயருள்ள கோப்புறை, அதற்குள் 'வட்ஸ்அப்', அதற்குள் மறுபடி 'மீடியா', அதற்குள் 'வட்ஸ்அப் வொய்ஸ் நோட்ஸ்' என்று போங்கள். உள்ளே ஆறு இலக்கப் பெயர்களில் நிறையக் கோப்புறைகள் இருக்கும். முதல் நான்கும் வருடம், கடைசி இரண்டும் அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. 202143 என்றால் 2021இன் 43ஆம் வாரம். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் வருடம், மாதம், தேதி இருக்கும். முழுக் கோப்புறையையும் அப்படியே கணினிக்கும் ஒரு பென் டிரைவுக்கும் கொப்பி செய்யுங்கள். ஓபஸ் என்ற வகைக் கோப்பு, விஎல்சி பிளேயரில் தட்டினால் கேட்கும்.

கொப்பி சரியா என்று பார்க்க ஒரு கோப்பைத் திறந்தேன். பின்னால் பஸ் ஹோர்ன், காலி வீதியின் இரைச்சல், அதற்கு மேலே அப்பா: "மழை வரப்போகுது, உடுப்பை எடும்." நாலு செக்கன். அடுக்களையில் நின்ற அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

அதே கேபிளோடு, பாட்டு, பிடிஎஃப், தரவிறக்கிய கோப்புகள் எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்து வையுங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில்தான் கிடக்கும். பாட்டையும் பிடிஎஃபையும் கையால்தான் கொண்டுபோக வேண்டும் என்று அப்பிளே சொல்கிறது.

வங்கி, ஓடிபி, இரண்டாம் கட்டப் பூட்டு. நுழைவுக் குறியீடு தரும் கூகுள் ஒதென்டிகேட்டர் செயலியைப் பாவிப்பவர்கள் அதற்குள் 'ட்ரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ்' போய் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு கியூஆர் வரும், பிறகு புது ஃபோனில் அதை ஸ்கேன் செய்யலாம். இதைச் செய்யும்வரை பழைய ஃபோன் உயிரோடு இருக்க வேண்டும். வங்கிச் செயலி ஒவ்வொன்றுக்கும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உங்களுக்கு உண்மையிலேயே தெரியுமா என்று பாருங்கள். கைரேகையில் மட்டுமே திறந்து பழகியவர்கள் பாஸ்வேர்டை எப்போதோ மறந்திருப்பார்கள். இப்போதே மாற்றி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிக்மீ, ஊபர், டராஸ் போன்றவற்றில் கஷ்டம் இல்லை, எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் பழைய கணக்கு வந்துவிடும்.

வைபரும் இமோவும் பாவிக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. வட்ஸ்அப்புக்குச் சொல்லும் வழி அவற்றுக்குப் பொருந்தாது. முக்கியமான படம், வீடியோ இருந்தால் ஒவ்வொன்றாக கேலரியில் சேமித்துவிடுங்கள், அப்போது மற்றப் படங்களோடு சேர்ந்து வரும். டெலிகிராம் அரட்டைகள் தாமாகவே வரும், அதன் இரகசிய அரட்டைகள் மட்டும் வராது.

கடைசியாக, சேமிப்பகம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். பழையதில் 140 ஜிபி இருந்து புதியது 128 ஜிபி என்றால் எந்த வித்தையும் பலிக்காது, முதலில் குறைக்க வேண்டும். வட்ஸ்அப்புக்குள் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் பெரிய வீடியோக்களை வரிசையாகக் காட்டும். குட் மோர்னிங் வீடியோக்கள் போனாலே பாதி காலியாகும்.

## மாற்றும் இரவு

தேவையானவை: இரண்டு ஃபோன், இரண்டு சார்ஜர், வைஃபை, பொறுமை. சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை: ஐபோன் 15இலிருந்து டைப்-சி கேபிள், அதற்கு முந்தியவற்றுக்கு லைட்னிங். ஃபோனோடு கேபிள் மட்டும்தான் வரும், சார்ஜர் தலை வராது.

பழைய ஃபோனில் பிளே ஸ்டோரிலிருந்து 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியைப் போடுங்கள். அப்பிளே 2015இல் வெளியிட்டது. வட்ஸ்அப்பையும் கடைசிப் பதிப்புக்குப் புதுப்பியுங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். இரண்டு ஃபோனையும் சார்ஜரில் மாட்டுங்கள்.

இப்போதுதான் ஐபோனைத் திறக்க வேண்டும். மொழி, நாடு, வைஃபை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வரும். தரவை எங்கிருந்து எடுப்பது என்று கேட்கும் திரை வரும். அந்த இடத்தில் நில்லுங்கள். 'ஃப்ரம் ஆண்ட்ராய்ட்' என்பதைத் தட்டுங்கள், சற்றுப் பழைய பதிப்பென்றால் 'மூவ் டேட்டா ஃப்ரம் ஆண்ட்ராய்ட்' என்று இருக்கும். சித்தியின் ஃபோனில் அந்தப் பையன் தாண்டிப் போனது இந்த ஒரு திரையைத்தான். இது முதல் செட்டப்பின்போது மட்டும்தான் வரும். ஏற்கெனவே செட்டப் முடித்துவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம், பழைய ஃபோன் கையில் இருந்தால் எல்லாம் சரி செய்யலாம்: செட்டிங்ஸ், ஜெனரல், கடைசியில் 'ட்ரான்ஸ்ஃபர் ஓர் ரீசெட்' என்று போய் ஐபோனை முழுதாக அழித்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஐபோனில் ஆறு அல்லது பத்து இலக்கக் குறியீடு ஒன்று வரும். அதைப் பழைய ஃபோனில் மூவ் டு ஐஓஎஸ் கேட்கும் இடத்தில் அடியுங்கள். ஐபோன் தற்காலிகமாக ஒரு வைஃபையை உருவாக்கும், பழைய ஃபோன் அதில் சேரலாமா என்று கேட்கும், சேரச் சொல்லுங்கள். இந்த இணைப்பில் இன்டர்நெட் இல்லை, விட்டு விலகவா என்று ஆண்ட்ராய்ட் கேட்கலாம். விலகக் கூடாது, அப்படியே இருக்கட்டும். அது இரண்டு ஃபோனும் தங்களுக்குள் கதைப்பதற்கான இணைப்பு.

பிறகு எதையெல்லாம் மாற்றுவது என்று பட்டியல் வரும். அதில் வட்ஸ்அப்பும் இருக்கும். அதைத் தட்டியதும் பழைய ஃபோனில் வட்ஸ்அப் திறந்து, ஸ்டார்ட் கொடுக்கச் சொல்லி, தரவைத் தயார் செய்யும். அது முடிந்ததும் பழைய ஃபோனின் வட்ஸ்அப்பிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். அம்மா இந்த இடத்தில்தான் என் கையைப் பிடித்தார். அது இயல்பானது, பழையதில் இருக்கும் அரட்டைகள் நீங்களாக அழிக்கும்வரை அழிவதில்லை. நெக்ஸ்ட் தட்டி மூவ் டு ஐஓஎஸ்ஸுக்குத் திரும்புங்கள், மற்றவற்றையும் தெரிவு செய்யுங்கள், தொடருங்கள்.

இனி இரண்டு ஃபோனையும் தொடாதீர்கள். வேறு செயலி திறக்க வேண்டாம், யாரும் எடுத்தால் பதில் சொல்ல வேண்டாம். நான் அண்ணாவுக்கு வேறு ஃபோனிலிருந்து முன்பே சொல்லி வைத்தேன், இன்று இரவு அம்மாவுக்கு எடுக்காதே என்று. பழைய ஃபோன் முடிந்தது என்று சொன்னாலும் ஐபோனில் ஓடும் கோடு முழுதாக முடியும்வரை காத்திருங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. 'மிச்சம் 40 நிமிடம்' என்று ஒரு மணி நேரம் நிற்கும். நிற்கட்டும். இடையில் அறுந்தால் ஐபோனை அழித்து மறுபடி தொடங்கலாம், எதுவும் தொலைந்திருக்காது. அதனால்தான் பழைய ஃபோனைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன்.

## ஐபோனில் முதல் மணி நேரம்

செட்டப்பை முடித்து, ஆப் ஸ்டோரிலிருந்து வட்ஸ்அப்பைப் போடுங்கள். திறந்து, பழைய ஃபோனில் இருந்த அதே எண்ணைக் கொடுங்கள். எண் மாறினால் அரட்டை வராது. ஓடிபி எந்த ஃபோனில் சிம் இருக்கிறதோ அதற்கு வரும். உள்ளே போனதும் தரவை மாற்றவா என்று கேட்கும், ஸ்டார்ட் கொடுங்கள்.

அம்மா, அப்பாவின் அரட்டையைத் திறந்து மேலே மேலே போனார். நான் வேண்டுமென்றே எதுவும் சொல்லவில்லை. வெண்டிக்காய்க் குரல் கேட்டது.

சரி, வேலை இன்னும் இருக்கிறது. இந்த அரட்டைகள் இப்போது ஐபோனுக்குள் மட்டும்தான் இருக்கின்றன, மேகத்தில் இல்லை. வட்ஸ்அப் செட்டிங்ஸில் சட்ஸ், சட் பேக்கப் என்று போய் அப்பிளின் மேகச் சேமிப்பான ஐகிளவுட்டில் பேக்கப்பைத் தொடங்குங்கள். இலவச ஐகிளவுட் 5 ஜிபிதான். 18 ஜிபி அரட்டை அதற்குள் அடங்காது. மாதக் காசு கட்டி 50 ஜிபி எடுக்கலாம், இல்லாவிட்டால் அங்கேயே வீடியோக்களைச் சேர்ப்பதா என்று கேட்கும் பட்டனை அணைத்துப் பார்க்கலாம். நான் காசு கட்டும் பக்கம்தான்.

இரண்டு எண்ணில் இரண்டு வட்ஸ்அப் வைத்திருந்தவர்கள், இரண்டாவதை வட்ஸ்அப் பிசினஸ் செயலியில் போட்டுக்கொள்ளலாம். அந்த எண்ணின் அரட்டை வருமா என்று தனியாகப் பார்த்து உறுதி செய்யாமல் பழையதை அழிக்க வேண்டாம்.

கூகுள் கணக்கை ஐபோனின் செட்டிங்ஸில் சேர்த்து, தொடர்புகள், நாட்காட்டி இரண்டையும் திறந்துவிடுங்கள். எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். எங்களுக்கு 412.

படங்களுக்கு ஐகிளவுடா கூகுள் போட்டோஸா என்பதில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். இரண்டையும் ஓட விட்டால் 5 ஜிபி இரண்டே நாளில் நிரம்பி, இடமில்லை என்று தினமும் கத்தும். பயந்துபோய் படங்களை அழிக்கத் தொடங்குவார்கள், ஐகிளவுட் போட்டோஸ் திறந்திருக்கும்போது ஃபோனில் அழித்தால் அங்கேயும் அழியும். அம்மாவுக்குப் பழகியது கூகுள் போட்டோஸ், அதையே வைத்தோம்.

காசு கொடுத்து ஆண்ட்ராய்டில் வாங்கிய செயலிகள் வராது, அப்பிளில் மறுபடி வாங்க வேண்டும். சந்தா முறையில் கணக்கோடு இருப்பவை அப்படியே வேலை செய்யும்.

## தமிழில் எழுதுவது

புது ஃபோனில் தமிழ் எழுத வராமல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு மனவருத்தம். ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7இலிருந்தே தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்ட், கீபோர்ட்ஸ் என்று போய்ப் புதியது சேர்ப்பதில் தமிழைத் தேடுங்கள். அஞ்சல் என்றும் தமிழ்99 என்றும் இரண்டு வகை இருக்கும். ஆண்ட்ராய்டில் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழ் வரவைத்தவர்களுக்கு அஞ்சல்தான் கிட்டவானது. எழுத்துகளை நேராகத் தட்டிப் பழக விரும்பினால் தமிழ்99, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த வடிவமைப்பு, ஒரு வாரம் பழகினால் கை தானாகப் போகும். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் ஆண்ட்ராய்ட், ஐபோன் இரண்டிலும் இருக்கிறது, பழைய ஃபோனில் அதைப் பாவித்தவர்கள் அதையே போட்டுக்கொள்ளலாம். கீழே உருண்டைப் பட்டனை அழுத்தினால் மொழி மாறும். அம்மாவுக்கு அந்த உருண்டையைக் காட்டிக் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் எடுத்தேன், நல்ல பத்து நிமிடம்.

அப்புறம் பின்னால் போகும் பட்டன். ஆண்ட்ராய்டில் கீழே இருக்கும், ஐபோனில் இல்லை. திரையின் இடது ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுக்க வேண்டும். முதல் மூன்று நாளும் அம்மாவின் பெருவிரல் பழைய இடத்தையே போய்த் தட்டியது. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம், தானாக வரும்.

## மறுபக்கம் போகிறவர்களுக்கு

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்களும் உண்டு. சிம்மைக் கழற்றுவதற்கு முன் ஐபோனின் செட்டிங்ஸில் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் பழைய ஃபோனுக்கே போய்க்கொண்டிருக்கும். வட்ஸ்அப்புக்குள் சட்ஸ் பகுதியில் 'மூவ் சட்ஸ் டு ஆண்ட்ராய்ட்' இருக்கிறது. இந்தப் பக்கமும் புது ஃபோன் செட்டப் நேரத்தில், இரண்டையும் கேபிளால் இணைத்துச் செய்வதுதான் நம்பிக்கையான வழி. சாம்சங்குக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச் செயலி இருக்கிறது. லைட்னிங் ஐபோன் என்றால் லைட்னிங்கிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிள் தேவை, அதை முன்பே வாங்கி வையுங்கள்.

## பழைய ஃபோனை என்ன செய்வது

ஒரு மாதம் வைத்திருங்கள். விற்கும் அவசரம் எவ்வளவு இருந்தாலும் ஒரு மாதம். வங்கிச் செயலி எல்லாம் புதியதில் பதிந்து, சம்பளமோ பென்ஷனோ ஒரு முறை வந்து, மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் ஒரு முறை புதிய ஃபோனில் கட்டி முடித்த பிறகுதான் எது விடுபட்டது என்று தெரியும். எங்களுக்கு மூன்றாம் வாரம்தான் தெரிந்தது, அம்மா மருந்து வாங்கும் பட்டியல் ஒரு குறிப்புச் செயலிக்குள் இருந்தது, அது வரவேயில்லை. பழைய ஃபோனைத் திறந்து பார்த்து எழுதி எடுத்தோம்.

பிறகு விற்பதென்றால் மெமரி காட்டையும் சிம்மையும் எடுத்துவிட்டு, முதலில் கூகுள் கணக்கை ஃபோனிலிருந்து நீக்குங்கள், அதற்குப் பிறகு ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்குபவருக்கு உங்கள் கணக்கின் பாஸ்வேர்ட் இல்லாமல் ஃபோன் திறக்காமல் போகலாம். கடைக்காரர் "தாங்கோ, நாங்களே அழிக்கிறம்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லி வீட்டில் செய்துகொண்டு போங்கள்.

அம்மாவின் சாம்சங்கை நாங்கள் விற்கவில்லை. மாதம் ஒரு முறை பாதி வரை சார்ஜ் போட்டு, அலுமாரியில் அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார். பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது, இன்னொரு கொப்பி அண்ணாவுக்குப் போய்விட்டது.